வேடப் பொருளும் சுங்கத் தீர்வையும்

திருச்சுழி என்றதும் குண்டாற்றங்கரையும், திருமேனிநாதர் கோயிலும், 1879-ஆம் ஆண்டில் அவ்வூரில் பிறந்த இரமண மகரிஷியும் பலருக்கு நினைவுக்கு வரலாம். சுங்கத் தீர்வை நினைவுக்கு வராது. கரிசல் காட்டின் நடுவே, வானம் பார்த்த பூமியில் வாழும் எங்களுக்குக் கப்பல் ஏது, துறைமுகம் ஏது? பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்து ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியன் ஒருவன் இறக்குமதித் தீர்வையைப் பற்றிப் பேச வந்தது ஏன் என்று நீங்கள் கேட்கலாம். என்னிடம் படித்த பெண் ஒருத்தி ஒரு நாள் மாலை என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்து அழுதாள். அவள் கண்ணீரின் காரணத்தை அறிய முயன்றபோதுதான் நான் இந்தப் பாடத்தைக் கற்க நேர்ந்தது. கற்றதை உங்களுக்குச் சொல்கிறேன்.

எங்கள் வட்டாரத்தில் பங்குனி, சித்திரை மாதங்களில் அம்மன் கோயில் பொங்கல் வந்துவிட்டால் ஊருக்கு ஊர் நாடகம் நடக்கும். சங்கரதாச சுவாமிகள் வகுத்துக் கொடுத்த முறையில் 'வள்ளி திருமணம்' விடிய விடிய நடைபெறும். ராஜபார்ட் நடிகர் மேடைக்கு வரும்போது அவருடைய கிரீடமும் மார்புப் பதக்கமும் விளக்கொளியில் பளபளவென்று மின்னும். சிறுவனாக இருந்தபோது அது பொன் என்றே நான் நம்பினேன். ஒரு நாள் விடியற்காலையில், மேடைக்குப் பின்னால், ஒப்பனைப் பெட்டியில் அந்தக் கிரீடத்தை அருகில் பார்த்தேன். அட்டை, ஜிகினாத் தாள், சம்கி, கண்ணாடிக் கல் ஆகிய இவ்வளவே அதில் இருந்தன. இரவில் நாடு ஆண்ட கிரீடத்துக்குக் காலையில் விலை ஒன்றும் இல்லை. ஒரு பொருள் எப்படித் தோன்றுகிறது என்பது வேறு, அது எதனால் ஆனது என்பது வேறு என்று அன்று அறிந்தேன். சுங்கத் தீர்வையின் முதற் பாடமும் அதுவே என்று அறுபது வயதுக்குமேல் தெரிந்துகொண்டேன்.

என் மாணவி அருப்புக்கோட்டையில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவள். பள்ளி ஆண்டு விழாக்களுக்கும் நாட்டிய நிகழ்ச்சிகளுக்கும் வேட உடைகளை வாடகைக்குக் கொடுக்கும் சிறு கடை ஒன்றை நடத்திவருகிறாள். உடைகளைத் தானே தைத்துவிடுவாள். அணிமணிகளை மட்டும் வெளியில் வாங்குவாள். வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைத்தால் மலிவாக இருக்கும் என்று யாரோ யோசனை சொன்னார்கள். வேறு சில வியாபாரிகளோடு சேர்ந்து, ஒரு பெட்டகத்தில் தன் பங்குக்கும் சரக்கு ஏற்றச் செய்தாள். அதற்கான பணத்துக்குத் தன் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்தாள். கில்ட் நகை வாங்குவதற்காகத் தங்க நகையை அடகு வைத்தாள் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

சரக்கு தூத்துக்குடிக்கு வந்தது. அருப்புக்கோட்டையிலிருந்து எட்டயபுரம் வழியே சென்றால் சில மணி நேரத்தில் அடையக்கூடிய துறைமுகந்தான். ஆனால் சரக்கு அங்கேயே நின்றுவிட்டது. கல் பதித்த அட்டிகை, காதணி, நெற்றிச்சுட்டி, தலைக் கிளிப், கொண்டை ஊசி, டோப்பா, பொய்த்தாடி, முகமூடி, பிளாஸ்டிக் பூச்சரம் என்று பலவகைப் பொருள்கள் அதில் இருந்தன. விற்றவர் தம் விலைப்பட்டியலில் எல்லாவற்றையும் சேர்த்து 'விழாப் பொருள்கள்' என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டார். அவள் அமர்த்தியிருந்த சுங்க முகவரும் அதையே இறக்குமதிப் படிவத்தில் எழுதி, விழாப் பொருளுக்குரிய ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டார். அதிகாரி பெட்டியைத் திறந்து பார்த்தார். உள்ளே நகை இருந்தது. சரக்கைத் தடுத்து வைத்தார். நாளுக்கு நாள் கிடங்கு வாடகை ஏறிற்று. ஆண்டு விழாப் பருவமோ நெருங்கிவிட்டது.

"ஐயா, நகைப் பெட்டி மட்டும் விற்றவரின் தவறுதலால் வந்துவிட்டது, எனக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதிக் கொடுக்கச் சொல்கிறார் முகவர். நல்ல ஆங்கிலத்தில் எழுத வேண்டுமாம். நீங்கள்தான் எழுதித் தர வேண்டும்" என்றாள்.

"நகையைக் கேட்டு வாங்கியது நீதானே, அம்மா?" என்று கேட்டேன்.

அவள் தலை குனிந்துகொண்டாள்.

அன்று இரவு நான் உறங்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த தவறு ஒன்று நினைவுக்கு வந்தது. ஒரு பள்ளியில் தலைமை ஆசிரியனாக இருந்தபோது, மாணவன் ஒருவனுடைய மாற்றுச் சான்றிதழில் பிறந்த தேதி தவறாக எழுதப்பட்டிருந்தது. பதிவேட்டில் ஒரு தேதி, சான்றிதழில் வேறு தேதி. அதைப் படித்துப் பாராமல் நான் ஒப்பமிட்டேன். வயது பொருந்தவில்லை என்று அவனுக்கு வரவேண்டிய வேலை ஒன்று தள்ளிப் போயிற்று. திருத்தம் பெற்றுத் தர ஓராண்டு ஆயிற்று. எழுதியது எழுத்தர்தான். ஆனால் கையெழுத்து என்னுடையது. 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த மாணவனின் தந்தை என்னை ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. அதுவே எனக்குப் பெருந்தண்டனையாக இருந்தது.

ஆதலால் மறுநாள் அவளிடம், "பொய்க் கடிதம் எழுத மாட்டேன். மெய்க் கடிதம் எழுத வேண்டுமானால் முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்" என்றேன். இருவரும் தீர்வைப் பட்டியலை வைத்துக்கொண்டு மாணவர்களைப் போல உட்கார்ந்தோம்.

நேயர்களே, சுங்கம் நமக்குப் புதியதன்று. வள்ளுவர் அரசனுக்கு வரும் வருவாயைக் கூறுமிடத்து உல்குபொருளையும் சேர்த்துக் கூறுகிறார். உல்கு என்பது சுங்கமே. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் வந்திறங்கிய பண்டங்களின்மேல் சோழரின் புலிமுத்திரை இடப்பட்டதைப் 'பட்டினப்பாலை' காட்டுகிறது. முதலாம் குலோத்துங்கனுக்குச் சுங்கம் தவிர்த்த சோழன் என்றே பெயர் வழங்கிற்று. முத்திரை இடுமுன் இது இன்ன பண்டம் என்று ஒருவர் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பார்த்துச் சொல்லும் வேலையே இன்று வகைப்பாடு எனப்படுகிறது.

இந்தியாவில் நெடுங்காலம் 1934-ஆம் ஆண்டின் தீர்வைச் சட்டம் நடைமுறையில் இருந்தது. பின்னர் 1975-ஆம் ஆண்டின் சுங்கத் தீர்வைச் சட்டம் இயற்றப்பட்டு, 1976 ஆகஸ்டு மாதம் நடைமுறைக்கு வந்தது. உலக நாடுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகையாகப் பண்டங்களுக்குப் பெயரிட்டால் வாணிகம் குழம்பும் அன்றோ? அதனால் 1983-ஆம் ஆண்டில் ஓர் உடன்படிக்கை செய்யப்பட்டது. அதன்படி உலகப் பண்டங்கள் அனைத்துக்கும் பொதுவான எண்கள் வகுக்கப்பட்டன. 1988 ஜனவரி முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. இந்தியா அதற்கு முன்னரே, 1986-ஆம் ஆண்டிலேயே, அம்முறைக்குத் தன் பட்டியலை மாற்றிக்கொண்டது.

அந்த அமைப்பைப் பள்ளிக்கூடத்தைக் கொண்டு விளக்கலாம். 21 பிரிவுகள். அவற்றுள் 97 அத்தியாயங்கள். 77-ஆம் அத்தியாயம் மட்டும் பிற்காலத் தேவைக்காகக் காலியாக விடப்பட்டிருக்கிறது. ஒரு பண்டத்துக்குரிய எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் அத்தியாயத்தைக் குறிக்கும், அது வகுப்பு. அடுத்த இரண்டு தலைப்பைக் குறிக்கும்; அது வகுப்பின் பிரிவு. அதற்கடுத்த இரண்டு உட்தலைப்பு, அது வரிசை. இந்த ஆறு இலக்கங்கள் உலகெங்கும் ஒன்றே. நம் நாடு தன் தேவைக்கு மேலும் இரண்டு இலக்கங்களைச் சேர்த்து எட்டு இலக்கமாக வைத்திருக்கிறது. அவ்விரண்டும் மாணவனின் வருகைப் பதிவு எண் போன்றவை.

இனி என் மாணவியின் பெட்டியைத் திறப்போம். வேடம் கட்டுவதற்கான பொருள்கள்தாமே, எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும் என்று நாம் நினைப்போம். அப்படியன்று. டோப்பாவும் பொய்த்தாடியும் தலைமயிராலோ நூலிழையாலோ ஆனவையானால் 6704. பிளாஸ்டிக் பூச்சரம் 6702. சீப்பு, தலைக் கிளிப், கொண்டை ஊசி ஆகியவை 9615. பொத்தான் 9606. திருவிழா முகமூடி 9505. கல் அட்டிகையும் காதணியும் 7117. அதுதான் போலி நகைக்குரிய தலைப்பு. மேடையில் ஒரே நடிகரின் உடம்பில் ஏறும் பொருள்கள், பட்டியலில் பல அத்தியாயங்களில் சிதறிக் கிடக்கின்றன.

தலைமயிரையே எடுத்துக்கொள்ளுங்கள். கோயில்களில் முடி காணிக்கை செலுத்துகிறோம். பதப்படுத்தாத அந்த மயிர் 0501. அதையே சீவிப் பதப்படுத்தினால் 6703. டோப்பாவாகச் செய்துவிட்டால் 6704. மயிர் ஒன்றுதான். அதன்மேல் மனிதனின் உழைப்பு ஏற ஏற அதன் இடம் மாறுகிறது. மல்லிகையும் அப்படியே. கொடியில் பறித்த பூ 0603. செய்த பூ 6702. இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. உழைப்புக்குப் பட்டியலில் மதிப்பு உண்டு என்று என் மாணவியிடம் சொன்னேன். நெசவாளர் மகள் ஆதலின் அவளுக்கு உடனே விளங்கிற்று. பஞ்சு வேறு, நூல் வேறு, சேலை வேறு என்றாள்.

போலி நகை என்றால் என்ன? 71-ஆம் அத்தியாயத்தின் குறிப்புகள் அதற்கு இலக்கணம் வகுக்கின்றன. மோதிரம், வளை, கழுத்தணி, காதணி, பதக்கம் போன்று உடம்பில் அணியும் சிறு பொருள்கள் நகை. அவற்றுள் இயற்கை முத்தோ வளர்ப்பு முத்தோ, மணிக் கற்களோ இருத்தலாகாது. பொன், வெள்ளி போன்றவையும், மேற்பூச்சாகவோ அற்பப் பகுதியாகவோ அல்லாமல் இருத்தலாகாது. அப்படி இருப்பவையே போலி நகை. அதாவது, சட்டம் பளபளப்பைப் பார்ப்பதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிறது.

இவ்விடத்தில் நமக்குச் சிலப்பதிகாரம் நினைவுக்கு வராமற் போகுமா? கண்ணகியின் சிலம்பும் பாண்டிமாதேவியின் சிலம்பும் வெளித்தோற்றத்தில் ஒன்று போலவே இருந்தன. ஒன்றன் உள்ளே மாணிக்கப் பரல். மற்றொன்றன் உள்ளே முத்துப் பரல். உடைத்துப் பார்க்கும் முன்பே தீர்ப்புச் சொன்னான் பாண்டியன். பின்னர் உடைத்துப் பார்த்தபோது ஓர் உயிர் போயிருந்தது. தொடர்ந்து அரசனின் உயிரும் போயிற்று. பெட்டியைத் திறந்து பார்க்கும் அதிகாரியின்மேல் நாம் கோபம் கொள்ளலாகாது. திறந்து பாராமல் முடிவு சொல்பவரே அஞ்சத்தக்கவர்.

ஒரு பொருள் இரண்டு தலைப்புகளில் அடங்குவது போலத் தோன்றினால் என் செய்வது? அதற்கு ஆறு பொது விதிகள் உண்டு. அவற்றின் சாரத்தை மட்டும் சொல்கிறேன். அத்தியாயத்தின் பெயரைக் கண்டு மயங்கலாகாது. தலைப்பின் சொற்களும் குறிப்புகளுமே தீர்மானிக்கும். பொதுவாகச் சொல்லும் தலைப்பைவிடச் சிறப்பாகச் சொல்லும் தலைப்பே கொள்ளத்தக்கது. நம் இலக்கணத்திலும் சிறப்பு விதி பொது விதியை வெல்லும் அன்றோ? பல பொருள்கள் சேர்ந்து விற்பனைக்கான ஒரே தொகுப்பாக இருந்தால், அதற்குத் தன்மை தருவது எதுவோ அதன்படி வகைப்படுத்த வேண்டும். அதுவும் முடியாவிட்டால், பொருந்தக்கூடிய தலைப்புகளில் எண் வரிசையில் கடைசியாக வருவதைக் கொள்ள வேண்டும். எதிலும் அடங்காத பொருளை அதற்கு மிக நெருங்கிய உறவுள்ள பொருளோடு சேர்க்க வேண்டும்.

இவ்விதிகள் இருந்தும் வழக்குகள் ஓய்ந்தபாடில்லை. 1893-ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின்முன் தக்காளி வந்து நின்றது. அது பழமா, காயா? பழத்துக்குத் தீர்வை இல்லை, காய்க்கு உண்டு. தாவர நூலின்படி பழமாயினும், மக்கள் அதைச் சோற்றோடு உண்கிறார்களே அன்றிப் பழம்போல் உண்பதில்லை. ஆகவே காயே என்று தீர்ப்பாயிற்று. நம் நாட்டில் 1961-ஆம் ஆண்டில் வெற்றிலை வந்து நின்றது. அகோலாவைச் சேர்ந்த ஒரு வியாபாரி, வெற்றிலையும் காய்கறியே, ஆதலால் விற்பனை வரி இல்லை என்றார். காய்கறி வாங்கி வா என்றால் யாரும் வெற்றிலை வாங்கி வருவதில்லை என்பதை நம் வீட்டுப் பாட்டிமாரே சொல்லிவிடுவார்கள். உச்ச நீதிமன்றமும் சொல்லை மக்கள் வழங்கும் பொருளிலேயே கொள்ள வேண்டும் என்று கூறி, வெற்றிலை காய்கறியன்று என்று தீர்த்தது. 1978-ஆம் ஆண்டில் அவலும் பொரியும் வந்தன. அவை அரிசியின் வகையே என்று தீர்ப்பாயிற்று.

வேடப் பொருள் வழக்குகளும் உண்டு. அமெரிக்காவில் ஆண்டுதோறும் குழந்தைகள் பேய் வேடமும் பூத வேடமும் புனைந்து வீடுவீடாகச் செல்லும் ஒரு விழா இருக்கிறது. அவ்வேட உடை ஆடையா, விழாப் பொருளா என்று ஒரு வழக்கு. மெல்லிய துணியில், ஒரு நாள் கூத்துக்காக, உறுதியின்றித் தைக்கப்பட்டவை விழாப் பொருளே என்று 2003-ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிற்று. அதே நீதிமன்றத்தின்முன் 2019-ஆம் ஆண்டில் கிறிஸ்துமஸ் தாத்தாவின் உடை வந்தது. அதன் சட்டையும் காற்சட்டையும் நன்கு தைக்கப்பட்டிருந்தன. ஆகவே அவை ஆடையே என்று தீர்ப்பாயிற்று. தையலின் உறுதியே தீர்வையைத் தீர்மானித்தது. இதைக் கேட்ட என் மாணவி, "அப்படியானால் நான் தைப்பதெல்லாம் ஆடைதான், ஐயா" என்றாள். பல நாள்களுக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்தாள்.

இன்னொரு வழக்கு தமிழாசிரியர்களுக்கு உவப்பளிக்கும். மனித உருவப் பொம்மைக்கு ஒரு தீர்வையும், மற்ற விளையாட்டுப் பொருளுக்குக் குறைந்த தீர்வையும் அந்நாட்டில் இருந்த காலம். படக்கதைகளில் வரும் அற்புத ஆற்றல் படைத்த வீரர்களின் உருவங்கள் மனிதரா, மனிதர் அல்லரா என்று வழக்கு நடந்தது. அவர்கள் மனிதர் அல்லர் என்று 2003-ஆம் ஆண்டில் தீர்ப்பாயிற்று. உயர்திணையா அஃறிணையா என்று தொல்காப்பியர் காலத்திலிருந்து நாம் கேட்டுவரும் கேள்விதான். அங்கே அதற்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது.

இனிக் கணக்குக்கு வருவோம். 2022-ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில், போலி நகைக்கு நூற்றுக்கு 20 அல்லது கிலோவுக்கு 400 ரூபாய், இவற்றுள் எது மிகுதியோ அது தீர்வை என்று விதிக்கப்பட்டது. மதிப்பைக் குறைத்துக் காட்டி இறக்குமதி செய்வதைத் தடுப்பதே நோக்கம். 2023 பிப்ரவரியில் அது நூற்றுக்கு 25 அல்லது கிலோவுக்கு 600 ரூபாய் என்று உயர்த்தப்பட்டது. என் மாணவியின் சரக்கு அதற்குப் பின் வந்தது. அந்த விகிதப்படி ஒரு கணக்குப் போடுவோம். 50 கிலோ போலி நகை, விலை 40,000 ரூபாய் என்று கொள்வோம். நூற்றுக்கு 25 என்றால் 10,000 ரூபாய். கிலோவுக்கு 600 என்றால் 30,000 ரூபாய். மிகுதியானதே தீர்வை, ஆகவே 30,000. மற்ற வரிகள் தனி. அந்த விகிதத்தில் கிலோ 2,400 ரூபாய்க்குக் குறைந்த நகை எல்லாவற்றுக்கும் எடைக் கணக்கே பொருந்திற்று. மலிவாக வாங்கினோம் என்று மகிழ்ந்தவருக்குத் தராசுதான் விலை சொல்லிற்று.

இவ்வளவு தீர்வை எதற்கு என்று நாங்களும் கேட்டுப் பார்த்தோம். நம் நாட்டில் இத்தொழிலை நம்பி வாழ்வோர் பலர். நாகர்கோவிலை அடுத்த வடசேரியில் நாட்டியத்துக்குரிய கோயில் நகைகள் செய்யும் கைவினைஞர்கள் இருக்கிறார்கள். அந்நகைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. வடக்கே பிரோசாபாத்தில் கண்ணாடி வளையல் செய்வோர் இருக்கிறார்கள். நூறாண்டுகளுக்கு முன் பொஹிமியா நாட்டு யாப்லோனெட்சு நகரிலிருந்து வந்த கண்ணாடி மணியும் வளையலும் நம் சந்தைகளில் நிறைந்திருந்தன. முதல் உலகப்போரில் அந்த வரவு தடைப்பட்டபோது நம்மவர் கைத்தொழில் தலையெடுத்தது. வரவு தாராளமானால் கைவினைஞருக்குத் துன்பம். தீர்வை மிகுந்தால் என் மாணவி போன்ற சிறு வியாபாரிக்குத் துன்பம். இவ்விரண்டையும் சீர்தூக்குவது அரசாங்கத்தின் பொறுப்பு. வந்த பொருள் இன்னதென்று மெய்யாகச் சொல்வது நம் பொறுப்பு. அந்த மெய் இல்லாவிட்டால், எடை போடத் தராசே இல்லாமற் போகும்.

2011-ஆம் ஆண்டு முதல், தீர்வையை முதலில் கணித்துச் சொல்ல வேண்டியவர் இறக்குமதி செய்பவரே. படிவத்தில் கண்டவை உண்மை என்று அவரே உறுதிமொழி அளிக்கிறார். முகவர் எழுதினாலும் பொறுப்பு அவருடையதே. 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம், சொன்னதும் வந்ததும் ஒவ்வாவிட்டால் சரக்கைப் பறிமுதல் செய்யவும், அதற்கு மாற்றாக அபராதம் பெற்று விடுவிக்கவும் இடம் தருகிறது. ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. பொருளின் விவரத்தை ஒளிவின்றிச் சொல்லிவிட்டு, இது இந்தத் தலைப்பில் அடங்கும் என்று நம்பி எண்ணைக் குறிப்பிட்டால், அந்த நம்பிக்கை தவறாயினும் அது பொய்யுரையாகாது என்று 1998-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. எண்ணில் தவறுவது வேறு, பொருளை மறைப்பது வேறு. என் மாணவியின் படிவத்தில் எண்ணும் தவறு, விவரமும் மறைந்திருந்தது. அதுதான் தொல்லை.

நாங்கள் கடிதம் எழுதினோம். இன்ன இன்ன பொருள்களை நானே கேட்டு வாங்கினேன். விவரம் தனித்தனியே எழுதப்படாதது தவறு. படித்துப் பாராமல் ஒப்புதல் தந்தது என் தவறு. ஒவ்வொரு பொருளையும் தனியே பார்த்து வகைப்படுத்த வேண்டுகிறேன் என்பதே கடிதத்தின் சாரம். முகவர் அதைப் படித்துவிட்டு, "கெடுத்துவிட்டீர்களே, அம்மா" என்றாராம்.

பொருள்கள் தனித்தனியே எடுத்து வைக்கப்பட்டன. அட்டிகையும் காதணியும் நெற்றிச்சுட்டியும் போலி நகை என்று முடிவாயின. முகமூடி விழாப் பொருளாகவே நின்றது. ஆனால் தலைக் கிளிப்புகளும் கொண்டை ஊசிகளும் கல் பதித்திருந்தமையால், அவற்றையும் போலி நகையோடு சேர்த்து எடைக் கணக்கில் தீர்வை போட்டார்கள். என் மாணவி அதை ஒப்பவில்லை. 71-ஆம் அத்தியாயத்தின் 11-ஆம் குறிப்பை எடுத்துக்காட்டினாள். சீப்பும் தலைக் கிளிப்பும் கொண்டை ஊசியும் போலி நகையில் சேரா, அவை 9615-க்கு உரியவை என்று அக்குறிப்பே கூறுகிறது. அதிகாரி குறிப்பைப் படித்தார். மறுமுறையும் படித்தார். "நீங்கள் சொல்வது சரி" என்று திருத்திக் கொடுத்தார். அவளுக்கு மிச்சமான தொகை பெரிதன்று. ஆனால் அன்று மாலை என்னிடம் தொலைபேசியில் பேசியபோது அவள் குரல், தேர்வில் முதலிடம் பெற்ற பிள்ளையின் குரலாக இருந்தது.

எல்லாம் நன்மையாகவே முடிந்தது என்று சொல்ல மாட்டேன். மிகுதித் தீர்வையும் கட்டினாள், அபராதமும் கட்டினாள், கிடங்கு வாடகையும் கட்டினாள். சரக்கு கைக்கு வந்தபோது ஆண்டு விழாப் பருவத்தில் பாதி போய்விட்டது. அடகில் இருந்த சங்கிலி மறு ஆண்டுதான் மீண்டது. மெய் சொன்னால் நட்டம் வராது என்று நான் பாடம் நடத்த விரும்பவில்லை. மெய் சொன்னவள் தலை நிமிர்ந்து வாதாட முடிந்தது; குறிப்பைக் காட்டிக் கேட்க முடிந்தது. பொய்க் கடிதம் கொடுத்திருந்தால், கிளிப்புக்காக ஒரு வார்த்தை பேச அவளுக்கு வாய் எழுந்திராது.

சிறு வணிகர்களுக்குச் சில வார்த்தைகள். வெளிநாட்டுச் சரக்குக்குப் பணம் அனுப்புமுன், ஒவ்வொரு பொருளும் எதனால் ஆனது, எதற்குப் பயன்படுவது, எடை என்ன என்று தனித்தனியே எழுதி வாங்குங்கள். தீர்வைப் பட்டியலின் தலைப்பை மட்டும் பாராமல், அத்தியாயத்தின் முன்னுள்ள குறிப்புகளைப் படியுங்கள். விலக்குகள் அங்கேதான் இருக்கின்றன. ஐயம் இருந்தால் முன்கூட்டியே தீர்ப்பு வழங்கும் ஆணையம் மும்பையிலும் புதுதில்லியிலும் இருக்கிறது. சரக்கு வருமுன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அதிகாரியின் முடிவு தவறென்று கருதினால் காரணத்தோடு கூடிய ஆணையை எழுத்தில் கேளுங்கள்; 60 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, படியாமல் ஒப்பமிடாதீர்கள். இதை நான் யாருக்கும் உபதேசமாகச் சொல்லவில்லை. தவறு செய்து கற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்.

சென்ற பங்குனியில் எங்கள் பக்கத்து ஊரில் 'வள்ளி திருமணம்' நடந்தது. ராஜபார்ட் நடிகரின் மார்பில் ஒரு கல் அட்டிகை மின்னிற்று. அது அவள் கடையிலிருந்து வந்தது. என் அருகில் அமர்ந்திருந்த சிறுவன் ஒருவன், "தாத்தா, அது தங்கமா?" என்று கேட்டான்.

"இல்லை, தம்பி. 7117" என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. காலையில் மேடைக்குப் பின்னால் அழைத்துச் சென்று, அதைக் கையில் எடுத்துப் பார்க்கச் சொன்னேன்.